பழைய மாயாவிக்கு ஐயாயிரம் ரூபாயா?

கொடைரோடு ஸ்டேஷனில் இறங்குகிற கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த ஊர் வேண்டாம். கொடைக்கானல்தான் வேண்டும். இங்கே இறங்கி, பஸ்ஸோ வேனோ பிடித்து, எண்பது கிலோமீட்டர் மேலே ஏறிவிடுவார்கள். போகிற போக்கில் ஒரு கிலோ திராட்சை வாங்கினால் உண்டு. ஊரின் பேரே 'கொடைக்குப் போகிற ரோடு' என்று ஆகிப்போன பிறகு, ஊரை யார் பார்ப்பது?

பழைய தமிழ் காமிக்ஸ் வாங்குகிறவர்கள் கதையும் இதேதான். எல்லோருக்கும் மலை உச்சிதான் வேண்டும். 'முத்து காமிக்ஸ் முதல் இதழ் இருக்கா?', 'இரும்புக்கை மாயாவி ஒரிஜினல் இருக்கா?', 'லயன் முதல் இதழ் எவ்வளவு?' இந்த மூன்று கேள்விகளுக்கு வெளியே ஒரு பெரிய சமவெளி கிடக்கிறது. அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு உதாரணத்துக்கு, கொடைரோட்டிலிருந்து தினமும் திண்டுக்கல் போய்ப் படிக்கிற ஒரு கல்லூரிப் பையனை எடுத்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் வேலை. ஆறு மாதமாகப் பஸ் காசு மிச்சம் பிடித்து, லீவு நாளில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறி, ஐயாயிரம் ரூபாய் சேர்த்திருக்கிறான். போனில் ஒரு படம் வருகிறது. எழுபதுகளின் முத்து காமிக்ஸ், அட்டை கொஞ்சம் கிழிசல், 'வெகு அபூர்வம், ஐயாயிரம், நாளைக்குக் கேட்டால் கிடைக்காது'. அப்பா சின்ன வயதில் கதை கதையாகச் சொன்ன அதே மாயாவி! பையனுக்குக் கை துறுதுறுக்கிறது.

வாங்கலாமா?

கூடாது. ஏன் கூடாது, அதற்குப் பதில் எதை வாங்க வேண்டும் என்பதுதான் மேட்டர்.

முதலில் கொஞ்சம் பழைய கதை

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. சிவகாசியில் சௌந்திரபாண்டியன் 1972-இல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. லூயிஸ் கிராண்டேல் என்ற ஆராய்ச்சிக்கூட உதவியாளனுக்கு வலது கை போய் இரும்புக்கை வரும். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் காற்றில் மிதக்கும். இங்கிலாந்தில் 'வேலியன்ட்' என்ற வார இதழில் 1962-இல் ஆரம்பித்த தொடர். வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் நாட்டு ஓவியர். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே இந்தக் கையைப் பார்த்து மெர்சலாகி, கரண்ட் கம்பியைத் தொட்டால் மறைந்துவிடலாமா என்று யோசித்தது. நல்லவேளை, பெரும்பாலோர் யோசனையோடு நிறுத்திக்கொண்டார்கள் :-)

அடுத்து 1984 ஜூலை. ஒரே மாதத்தில் இரண்டு வரவு. சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன், பள்ளி முடித்த வயதில், மாடஸ்டியை வைத்து லயன் காமிக்ஸைத் தொடங்கினார். தினத்தந்தி குழுமம் ஜேம்ஸ்பாண்டை வைத்து ராணி காமிக்ஸைத் தொடங்கியது. அதே ஆண்டு வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு 'பூந்தளிர்' வந்தது. ராணி காமிக்ஸ் 2005 வரை தாக்குப்பிடித்தது. பூந்தளிர் நின்றுபோனது. லயனும் முத்துவும் நடுவில் திக்கித் திணறி, 2012 ஜனவரியில் 'கம்பேக் ஸ்பெஷல்' என்று பெயர் வைத்தே திரும்பி வந்து, நல்ல தாளில் வண்ணத்தில் அச்சிட ஆரம்பித்தார்கள்.

ஒன்றிரண்டு ரூபாய்க்கு விற்ற புத்தகங்கள் இவை. ரயில் நிலையத்துக் கடையில், பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கியவை. படித்து முடித்ததும் நண்பனிடம் மாற்றிக்கொள்ளப்பட்டவை. அடுத்த தீபாவளிக்கு வீடு ஒழிக்கும்போது எடைக்குப் போடப்பட்டவை. மிஞ்சினது கொஞ்சம். மிஞ்சியது கொஞ்சம் என்பதால் விலை ஏறியது. இதுவரை யாருக்கும் சண்டை இல்லை.

அபூர்வம் என்றால் சொத்தா?

சண்டை இங்கேதான் ஆரம்பம். 'இது புத்தகம் இல்லை தம்பி, இன்வெஸ்ட்மென்ட். தங்கம் மாதிரி. வருஷா வருஷம் ஏறும்.' விற்கிற அண்ணன் இப்படித்தான் சொல்வார்.

தங்கத்தை எந்த ஊர் நகைக்கடையிலும் அன்றைய விலைக்கு மாற்றலாம். கிழிந்த மாயாவியை எங்கே மாற்றுவது? வாங்குவதற்கு ஒரு விலை சொல்கிற அதே ஆளிடம் ஒரு மாதம் கழித்து அதே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துப் பார்க்கட்டும். 'இப்ப மார்க்கெட் கொஞ்சம் டல் தம்பி, அட்டை வேற கிழிஞ்சிருக்கு' என்பார். வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாத கிழிசல், விற்கும்போது தெரிந்துவிடும். கேட்கப்படுகிற விலை வேறு, கைமாறுகிற விலை வேறு. படத்தோடு போட்டிருக்கிற ஐயாயிரம் என்பது ஒருவருடைய ஆசை. அந்த விலைக்கு ஒருவர் பணத்தை எண்ணிக் கொடுத்தால்தான் அது விலை.

நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் இதைத் தினமும் பார்க்கலாம். முகூர்த்த நாளில் மல்லி விலை எகிறும். மார்கழிப் பனியில் வரத்து குறைந்தால் இன்னும் எகிறும். முகூர்த்தம் முடிந்த மறுநாள் பொத்தென்று விழும். அந்த மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஆளுக்குக்கூடத் தெரியும், முகூர்த்த விலையை வைத்து வருஷக் கணக்குப் போடக்கூடாது என்று. பழைய காமிக்ஸ் வாங்குகிற படித்த பிள்ளைகளுக்கு மட்டும் அது மறந்துபோகிறது.

பி.காம் முதல் வருடத்தில் சரக்கிருப்பைப் பற்றி ஒரு விதி சொல்லித் தருவார்கள். அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் கணக்கில் எழுத வேண்டும். வரப்போகிற லாபத்தை முன்கூட்டியே எழுதக்கூடாது, வரக்கூடிய நஷ்டத்தை எழுதிவிட வேண்டும். இந்த ஒரு விதியை அலமாரிக்குப் பொருத்திப் பார்த்தால் பாதி 'முதலீடு' அங்கேயே காற்று இறங்கிவிடும்.

இரத்தப் படலம் சொன்ன பாடம்

நஷ்டம் எந்தத் திசையிலிருந்து வரும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு உதாரணம் உண்டு. பெல்ஜிய எழுத்தாளர் வான் ஹாமும் ஓவியர் வில்லியம் வான்ஸும் 1984-இல் ஆரம்பித்த தொடர், தமிழில் 'இரத்தப் படலம்'. நினைவிழந்த ஒருவன் தான் யார் என்று தேடும் கதை. லயனில் துண்டு துண்டாக வந்து, வருடக்கணக்கில் வாசகர்களைக் காக்க வைத்தது. 2010-இல் பதினெட்டு பாகங்களையும் ஒரே தொகுப்பாகக் கறுப்பு வெள்ளையில், இருநூறு ரூபாய்க்குப் போட்டார்கள். அச்சிட்டது தீர்ந்தது. உடனே பழைய புத்தகச் சந்தையில் அதன் விலை அச்சிட்ட விலையைப் போலப் பல மடங்கு ஆனது. படிக்க வேண்டும் என்று ஏங்கினவனும் கொடுத்தான். பின்னால் விற்கலாம் என்று கணக்குப் போட்டவனும் கொடுத்தான்.

2018-இல் அதே கதை முழு வண்ணத்தில் மறுபடி வந்தது.

படிக்க வாங்கினவனுக்கு நஷ்டம் இல்லை. அவன் எட்டு வருடம் முன்னதாகப் படித்துவிட்டான், அதற்கு ஒரு விலை கொடுத்தான், அவ்வளவுதான். விற்க வாங்கினவன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவன் கையில் இருந்த பொருளின் 'அபூர்வம்' சிவகாசியில் ஒருவர் அச்சு இயந்திரத்தின் பொத்தானை அமுக்குகிற வரைதான். அந்தப் பொத்தான் அவன் கையில் இல்லை. தன் கையில் இல்லாத பொத்தானை நம்பிப் பணம் போடுவதற்குப் பெயர் முதலீடா?

மாயாவிக்கும் இதே கதிதான். முத்து காமிக்ஸ் தன் பழைய கதைகளைப் பல தடவை மறுபதிப்பு செய்திருக்கிறது. மாயாவி, லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ என்று ரசிகர்கள் 'மும்மூர்த்திகள்' என்று கொண்டாடும் மூன்று வரிசைகளும் 2010-களில் மறுபடி அச்சாகின. கதைதான் வேண்டும் என்றால் அது சுத்தமான தாளில், பக்கம் குறையாமல் கிடைத்தது. அப்படியானால் அந்த ஐயாயிரம் எதற்கு? கதைக்கு இல்லை. மக்கிக்கொண்டிருக்கிற தாளுக்கு.

வெளிநாட்டிலும் இதே கூத்துதான்

இந்தப் பைத்தியம் தமிழனுக்கு மட்டும் என்று யாரும் வெட்கப்பட வேண்டாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று ஒரு விளையாட்டு. 1974-இல் அமெரிக்காவில் வந்தது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் போகிற விளையாட்டு. அதற்கான சாகசக் கதைகள் தனித்தனிச் சிறு புத்தகங்களாக விற்கும். 1981-இல் அப்படி ஒரு புத்தகம், பெயர் 'வெள்ளி இளவரசியின் அரண்மனை'. எழுதியவர் ஜீன் வெல்ஸ் என்ற பெண். அச்சாகி வந்த பிறகு கம்பெனிக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்ப, பிரதிகளில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டு, திருத்தி எழுதிய வேறு பதிப்பைப் போட்டார்கள். தப்பித்த சில ஆரஞ்சு அட்டைப் பிரதிகளுக்கு இன்று யானை விலை. இத்தனைக்கும் அந்த முதல் பதிப்பை, உரிமை வைத்திருக்கும் கம்பெனியே பின்னாளில் இணையத்தில் இலவசமாகக் கொடுத்தது! கதை சும்மா கிடைத்தது, தாளுக்கு மட்டும் யானை விலை. அந்த விலை கொடுத்தவர்களில் எத்தனை பேர் ஒரு நாளாவது அதைப் பிரித்து மேஜையில் வைத்து விளையாடியிருப்பார்கள்?

அமெரிக்கக் காமிக்ஸில் நடந்தது இன்னும் மோசம். பழைய இதழ்களுக்குக் கிடைத்த விலையைப் பார்த்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆளாளுக்குப் புது இதழ்களை ஐந்தும் பத்துமாக வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தார்கள். 1991-இல் வந்த 'எக்ஸ்-மென்' முதல் இதழ் மட்டும் எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. எண்பது லட்சம் பேரும் பத்திரமாக வைத்திருந்தால் அது எப்படி அபூர்வமாகும்? ஆகவில்லை. குமிழி உடைந்தது, கடைகள் மூடின, 1996 டிசம்பரில் மார்வல் நிறுவனமே திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. பழைய இதழ்கள் விலை போனதற்குக் காரணம், அந்தக் காலத்தில் யாரும் அவற்றைப் பத்திரப்படுத்தவில்லை என்பதே. பத்திரப்படுத்தினால் பணம் என்று ஊரே கிளம்பினால் அந்தப் பணமே இருக்காது.

படைத்தவனுக்கு என்ன போனது?

இன்னொரு கணக்கு. இதுதான் வயிற்றெரிச்சல் தரும் கணக்கு.

சூப்பர்மேன் முதன்முதலில் வந்த 1938-ஆம் ஆண்டு 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் ஒரு பிரதி, 2024-இல் அறுபது லட்சம் டாலருக்கு ஏலம் போனது. சூப்பர்மேனைப் படைத்தவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள். மொத்த உரிமையையும் அவர்கள் விற்றது 130 டாலருக்கு. பிறகு அதே கம்பெனியோடு வழக்கு, வேலை இழப்பு, வறுமை. வேலை தேடி அலைந்த சீகல், அறுபதுகளில் இங்கிலாந்தின் 'லயன்' வார இதழுக்கு எழுதினார். என்ன எழுதினார் தெரியுமா? 'ஸ்பைடர்'. ஆமாம் மக்களே, சிவகாசி லயனில் நம் அண்ணன்மார்கள் வாய்பிளந்து படித்த அதே குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர்! சூப்பர்மேனைப் படைத்த கை எழுதியதைத்தான் வத்தலக்குண்டிலும் நிலக்கோட்டையிலும் இருந்த பிள்ளைகள் ஒன்றிரண்டு ரூபாய்க்குப் படித்தார்கள்.

சீகல் 1996-இல் இறந்துபோனார். அந்த அறுபது லட்சத்தில் எழுத்தாளன் பங்கு பூஜ்யம். பழைய புத்தகம் கைமாறும்போது படைத்தவனுக்கோ, மொழிபெயர்த்தவனுக்கோ, அச்சிட்டவனுக்கோ ஒரு பைசா போகாது. சட்டப்படி அதில் தப்பில்லை. ஆனால் 'தமிழ் காமிக்ஸை வாழ வைக்கத்தான் இந்த விலை கொடுக்கிறேன்' என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. ஐயாயிரம் ரூபாயைப் பதுக்கல்காரனிடம் கொடுத்தால் வாழ்வது பதுக்கல்காரன். புதுப் புத்தகம் ஒன்று இருநூறு ரூபாய் என்றே வைத்தாலும், அதே பணத்துக்கு இருபத்தைந்து புத்தகம் வாங்கலாம். இன்றைக்கும் விடாமல் அச்சிட்டுக்கொண்டிருப்பவருக்கு அந்தப் பணம் போகும்.

தாளின் ஆயுள்

இதையெல்லாம் கேட்ட பிறகும் 'என் பேரனுக்கு இருக்கட்டும்' என்பவர்களுக்கு ஒரு கெட்ட செய்தி. இந்தப் புத்தகங்கள் நியூஸ்பிரிண்ட் தாளில் அச்சானவை. மரக்கூழில் இருக்கும் லிக்னின் என்ற பொருளை நீக்காமலே செய்கிற மலிவுத் தாள். வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகும், உள்ளே அமிலம் சேரும், நார் நொறுங்கும். திண்டுக்கல் சீமை வெயிலில் ஓட்டு வீட்டுப் பரணில் இருபது வருடம் கிடந்த புத்தகம் அப்பளம்தான். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். ஆசையாக ஒட்டின செல்லோடேப் பழுப்புக் கறையாக மாறும்.

ஆகவே வாங்கித்தான் தீர வேண்டும் என்றால் குறைந்தது இவ்வளவாவது பார்க்க வேண்டும். ஒன்று, பக்கங்களை எண்ண வேண்டும். நடுத்தாள் கழன்று போனவை ஏராளம், அட்டைப் படத்தை மட்டும் போனில் அனுப்பினால் அது தெரியாது. இரண்டு, அட்டை ஒரிஜினலா கலர் ஜெராக்ஸா என்று மடிப்பு விளிம்பில் பார்க்க வேண்டும். மூன்று, மறுபதிப்பை முதல் பதிப்பு என்று விற்கிறார்களா என்று உள்ளே விலை, இதழ் எண், விளம்பரம் மூன்றையும் ஒப்பிட வேண்டும். எண்பதுகளின் விளம்பரம் எழுபதுகளின் இதழில் வராது. நான்கு, நேரில் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக்கூடாது. 'நாளைக்குக் கேட்டால் கிடைக்காது' என்று அவசரப்படுத்துகிறவரிடம் இன்றைக்கும் வாங்க வேண்டாம்.

அப்புறம் எதைத்தான் வாங்குவது?

இப்போது அந்தச் சமவெளிக்கு வரலாம். விதி ஒன்றே ஒன்று. மறுபடி அச்சாகக்கூடியதை விடு, மறுபடி அச்சாகாததை எடு.

முதல் இடம் ராணி காமிக்ஸுக்கு. மாதத்துக்கு இரண்டு என்று இருபது வருடத்துக்கு மேல் வந்தவை. கடை 2005-இல் மூடியாயிற்று. லயன்-முத்துவைப் போலப் பழைய இதழ்களை வண்ணத்தில் திரும்பக் கொண்டுவர அங்கே ஒருவர் உட்கார்ந்திருக்கவில்லை. 'அது மட்டமான தாள், மட்டமான மொழிபெயர்ப்பு' என்று சேகரிப்பாளர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். பட்டிதொட்டியெல்லாம் போய்ச் சேர்ந்த காமிக்ஸ் அதுதான். ஒரு மொழியின் சாமானிய வாசிப்பு எப்படி இருந்தது என்று நாளைக்கு யாராவது ஆராய்ச்சி செய்தால், அவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

இரண்டாவது, பூந்தளிர் போன்ற நின்றுபோன சிறுவர் இதழ்கள், டைம்ஸ் குழுமத்தின் இந்திரஜால் காமிக்ஸில் தமிழில் வந்தவை. வாண்டுமாமாவின் கதைகளில் சில புத்தகமாகக் கிடைக்கும். ஆனால் ஒரு இதழ் முழுதாக, கபீஷ் குரங்கும் புதிரும் வாசகர் கடிதமும் துணுக்கும் ஒன்றாக, அது கிடைக்காது.

மூன்றாவது, லயன்-முத்துவிலேயே யாரும் தேடாத இதழ்கள். நாயகன் பெயருக்கு மவுசு இல்லாத கதைகள். அவற்றில் ஆசிரியர் எழுதின பக்கமும் வாசகர் கடிதங்களும் உண்டு. மறுபதிப்பில் கதை வரும், கடிதங்கள் வராது. ஏதோ ஒரு கிராமத்துப் பிள்ளை ஊர் பேரோடு 'போன இதழ் சொதப்பல்' என்று எழுதியிருக்கும். அந்தப் பக்கம் அந்தத் தாளில் மட்டும்தான் இருக்கிறது.

நான்காவது, வாடகை லைப்ரரி முத்திரை குத்தின பிரதிகள். சேகரிப்பாளர் கணக்கில் முத்திரை ஒரு குறை, விலை பாதியாகும். நல்லது, பாதி விலைக்கு வாங்கலாம்! ஊதா மையில் லைப்ரரி பெயர், ஊர், உள் அட்டையில் தேதிகள். அந்த ஒரு புத்தகத்தை எத்தனை கை தொட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. யாரும் தொடாத 'புத்தம் புதுப் பிரதி'க்குப் பத்து மடங்கு கொடுப்பதும், ஐம்பது பேர் படித்த பிரதியைக் கழித்துக்கட்டுவதும் புத்தகத்தைப் புத்தகமாகப் பார்க்காததன் அடையாளம்.

இவற்றை எங்கே தேடுவது? போனில் வருகிற படத்தில் இல்லை. பழைய பேப்பர் கடையில். வீடு மாறுகிறவர்களின் பரணில். மூடுகிற வாடகை லைப்ரரியில். மதுரையிலும் திண்டுக்கல்லிலும் நடைபாதையில் விரித்திருக்கும் பழைய பாடப்புத்தகக் குவியலுக்கு அடியில்.

வாசனைக் கட்சி

எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. 1975-இல் பத்து வயதில் வாசித்த ஒருவருக்கு இப்போது அறுபது வயது. அந்தப் பழைய தாளின் வாசனை, கறுப்பு மை கையில் ஒட்டுவது, அதற்காக வாங்கிய அடி, எல்லாம் அந்தப் பிரதியில்தான் இருக்கிறது. பளபளப்பான மறுபதிப்பில் இல்லை. அவர் பென்ஷன் பணத்தில் ஐயாயிரம் கொடுத்து அதை வாங்கினால் யாருக்கும் கேள்வி கேட்க உரிமை இல்லை. கோயிலுக்குக் கொடுப்பது போல அது. திருப்பி வரும் என்று அவர் கொடுக்கவில்லை.

கொடைரோட்டுப் பையனின் கதை வேறு. அந்த நினைவு அவனுடையது இல்லை, அவன் அப்பாவுடையது. அப்பாவின் நினைவை அவனுக்கு விலை பேசி விற்கிறார்கள். உண்மையில் அப்பாவுக்கு அதே கதையின் மறுபதிப்பைக் கொடுத்துப் பார்த்தால், அவர் எந்தப் பதிப்பு என்று திருப்பிப் பார்க்கப் போவதில்லை. முதல் பக்கத்தைப் பிரித்து, 'இவனுக்குக் கரண்டு ஷாக் அடிச்சா...' என்று ஆரம்பித்துவிடுவார்.

பூட்டி வைப்பதற்கும் சேர்த்து வைப்பதற்கும்

கோட்டையூர் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். வாழ்நாள் முழுதும் தமிழில் அச்சானது எதுவாக இருந்தாலும் சேர்த்தார். பெரிய பெரிய இலக்கியம் மட்டுமில்லை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை வரை. அன்றைக்கு மற்றவர்களுக்கு அது குப்பை. 1992-இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அதை வைத்துச் சென்னையில் 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று தமிழ் அச்சு வரலாறு எழுதுகிற யாரும் அந்த வாசலை மிதிக்காமல் இருக்க முடியாது.

அவர் செய்த காரியத்தின் சூட்சுமம் என்ன? மற்றவர்கள் தேடியதை அவர் துரத்தவில்லை. மற்றவர்கள் போட்டதை எடுத்தார். அதைவிட முக்கியம், வந்து கேட்டவர்களுக்கு அது பயன்பட்டது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் பூட்டி, படம் மட்டும் எடுத்து நாலு பேருக்கு அனுப்பி வயிற்றெரிச்சல் கிளப்புகிறவருக்கும் அவருக்கும் நடுவில் உள்ள தூரம், கொடைரோட்டுக்கும் கொடைக்கானலுக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம்.

முப்பது நாற்பது 'அபூர்வ' இதழ்களைச் சுற்றி எல்லோரும் ஏலம் கேட்டுக்கொண்டிருக்கும்போது, மிச்சமுள்ள நூற்றுக்கணக்கான இதழ்கள் சத்தமில்லாமல் காகித ஆலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. முதல் இதழ் மாயாவி எங்கும் போகாது. அதைப் பத்து பேர் காவல் காக்கிறார்கள். காவல் இல்லாமல் போகிறது ராணி காமிக்ஸ். காவல் இல்லாமல் போகிறது பூந்தளிர். ஒரு இதழின் கடைசிப் பிரதி எந்த ஊர் பேப்பர் கடையில் எந்தச் சாயங்காலம் தராசில் ஏறும் என்று யாருக்கும் தெரியாது. ஏறின பிறகு எத்தனை ஆயிரம் வைத்திருந்தாலும் வாங்க முடியாது. உண்மையான அபூர்வம் அதுதான், அதற்கு விலையே கிடையாது, ஏனென்றால் விற்கப் பொருளே இருக்காது.

எனவே அந்தப் பையன் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஐயாயிரத்தில் முதல் காரியம், அடுத்த செமஸ்டர் பரீட்சைக் கட்டணத்தை எடுத்துத் தனியாக வைப்பது. அடுத்தது, அப்பாவுக்கு ஒரு மாயாவி மறுபதிப்பு. மிச்சத்தில் இருநூறோ முந்நூறோ எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் நிலக்கோட்டைக்கோ வத்தலக்குண்டுக்கோ பஸ் ஏறி, பழைய பேப்பர் கடை அண்ணாச்சியிடம் போய், 'அண்ணே, படக்கதை புத்தகம் ஏதாவது வந்தா எடுத்து வைங்க, எடைக்கு மேல போட்டுத் தர்றேன்' என்று சொல்லிவிட்டு வருவது.

நாலு ஞாயிறு வெறுங்கையோடு திரும்புவான். ஐந்தாவது ஞாயிறு, யாரோ ஒரு வீட்டுப் பரணிலிருந்து ஒரு சாக்கு வந்திருக்கும்.

பி.கு: சாக்கில் மாயாவி முதல் இதழே கிடந்தால் என்ன செய்வது என்று கேட்கிற குறும்பர்களுக்கு: தாராளமாக அதை மட்டும் ஐயாயிரத்துக்கு விற்றுவிட்டு, அந்தக் காசில் இன்னும் பத்து சாக்கு வாங்கவும் :-)